விடால் இன்னும் ‘பாசிட்டிவ்’: மறுபடி ஊசி போட வேண்டுமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு 48 வயது. ஒன்றரை ஏக்கர் சொந்த நிலம். மற்ற நாளில் கூலி வேலை. ஐப்பசிக் கடைசியில் சம்பா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாளே பக்கத்து கிளினிக்கில் விடால் டெஸ்ட் எடுத்து, 1:160, டைபாய்டு என்றார்கள். முதலில் இரண்டு நாள் இடுப்பில் ஊசி. போட்ட அன்று காய்ச்சல் விடும், மறுநாள் திரும்ப வரும். பிறகு ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் குளுக்கோஸும். ஒன்பதாம் நாள் மூச்சு வாங்கவே பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே தொடை இடுக்கில் ஒரு கறுப்புப் பொருக்கைப் பார்த்துவிட்டு, உண்ணிக் காய்ச்சல் என்று டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் நின்றது. அப்போது ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) 62,000. ஒரு மாதம் கழித்து எதற்கும் பார்ப்போம் என்று விடால் எடுத்தால் இப்போதும் 1:160. போன இரண்டு வருஷமும் கார்த்திகை, மார்கழியில் இதே மாதிரி ‘டைபாய்டு’ என்று வைத்தியம் பார்த்தோம். டைபாய்டு ரத்தத்திலேயே தங்கிவிட்டது, மறுபடி ஊசி கோர்ஸ் போட வேண்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். போடலாமா? ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகளும் வயலுக்குப் போகிறாள்; அவளுக்கு வந்தால் இதே மாத்திரை கொடுக்கலாமா? அவருடைய கேப்சூலில் நாலு மிச்சம் இருக்கிறது.

பதில்: போட வேண்டாம், அம்மா. அவருக்கு இப்போது காய்ச்சல் இல்லை, பசி திரும்பிவிட்டது, வேலைக்குப் போகிறார் என்றால் அந்த 1:160 என்ற எண்ணுக்கு மருந்தே தேவையில்லை. நலமாக இருக்கும் ஒருவருக்கு விடால் எடுத்துப் பார்க்கவே கூடாது. எடுத்தால் இப்படித்தான், ஒருபோதும் தீராத ‘டைபாய்டு’ ஒன்று கையில் வந்து சேரும்.

விடால் கிருமியைத் தேடும் பரிசோதனை இல்லை. 1896-ல் பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னாண்ட் விடால் கண்டறிந்த முறை அது. டைபாய்டு கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டுமே அது பார்க்கும். 1:160 என்றால், ரத்த நீரை 160 மடங்கு நீர்த்த பிறகும் அது தென்படுகிறது என்று பொருள். அந்தப் பொருள் கிருமி போன பிறகும் மாதக்கணக்கில் இருக்கும். ‘எச்’ என்று ரிப்போர்ட்டில் போடும் வகை வருஷக்கணக்கில்கூட இருக்கும். எப்போதோ டைபாய்டு வந்து போனவர், தடுப்பூசி போட்டவர், டைபாய்டுக்கு உறவான வேறு கிருமியால் வயிற்றுப்போக்கு வந்தவர் என எல்லோருடைய ரத்தத்திலும் அது காணப்படலாம். மலேரியா போன்ற வேறு காய்ச்சலிலும் பழைய எதிர்ப்புப் பொருள் கிளறப்பட்டு எண் ஏறும். டைபாய்டு அதிகமுள்ள நம் நாட்டில் நோயே இல்லாதவரிடம் 1:80, 1:160 வருவது அதிசயமில்லை.

நாள் கணக்கையும் பாருங்கள். புதிதாக டைபாய்டு வந்த உடம்பு இந்த எதிர்ப்புப் பொருளைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு உண்டாக்க ஒரு வாரம் ஆகும். இரண்டாம் நாள் எடுத்த ரத்தத்தில் 1:160 இருந்தால், அது பெரும்பாலும் இந்தக் காய்ச்சலுக்கு முன்பே இருந்தது. விடாலுக்குப் பொருள் வேண்டுமானால் ஒரு முறையும், 10 முதல் 14 நாள் கழித்து மறுமுறையும் எடுத்து, எண் நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1:80 என்பது 1:320 ஆனால் அது பேசும். உங்கள் கணவருக்கு அன்றும் 1:160, ஒரு மாதம் கழித்தும் 1:160. ஏறவே இல்லை. உறவினர்கள் நோய்க்குச் சான்றாகக் காட்டும் அதே ரிப்போர்ட், அந்தக் காய்ச்சல் டைபாய்டு இல்லை என்பதைத்தான் வலுப்படுத்துகிறது.

டைபாய்டு உடம்பில் தங்குவது உண்மைதான், ஆனால் வேறு விதமாக. நோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பேர் வரை பித்தப்பையில் கிருமியைச் சுமக்கலாம். அவர்களுக்குக் காய்ச்சல் இருக்காது; மலம் வழியாக மற்றவருக்குப் பரப்புவார்கள். அதை மலத்தைக் கல்ச்சர் செய்துதான் (லேப்பில் கிருமியை வளர்த்துப் பார்த்துத்தான்) அறிய முடியும், விடாலால் முடியாது. வருஷா வருஷம் மழைக் காலத்தில் வந்து போகும் காய்ச்சலை அதன் தலையில் கட்ட முடியாது.

டைபாய்டு என்று உண்மையாகவே சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டியது பிளட் கல்ச்சர். பெரியவருக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம், முதல் வாரத்தில், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பு எடுக்க வேண்டும். இதுவும் குறையில்லாதது அல்ல. டைபாய்டு உள்ளவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவரிடம்தான் கிருமி வளரும்; ஆன்டிபயாடிக் போட்ட பிறகு எடுத்தால் இன்னும் குறையும். ஆனால் வளர்ந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதும் கூடவே தெரியும். நம் நாட்டு டைபாய்டுக் கிருமிகள் பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்குவதில்லை என்பதால் இந்தத் தகவல் முக்கியம்.

பெரிய ஊசிக்கு அடங்காதது சின்ன கேப்சூலுக்கு எப்படி அடங்கியது? மருந்தின் விலையோ ஊசியின் பருமனோ அதைத் தீர்மானிப்பதில்லை. உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமி நம் செல்களுக்கு உள்ளேயே புகுந்து வாழ்வது. செஃப்ட்ரியாக்சோன் அதன்மேல் வேலை செய்யாது. டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் செய்யும். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சரியான மருந்து போட்டாலும் டைபாய்டுக் காய்ச்சல் தணிய நாலு முதல் ஆறு நாள் ஆகும். ஆகவே ஐந்து நாள் ஊசிக்கும் காய்ச்சல் விடவில்லை என்பதை மட்டும் வைத்து டைபாய்டு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கறுப்புப் பொருக்கும், டாக்சிசைக்ளினுக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் நின்றதும் சேர்ந்துதான் நோயைக் காட்டிக்கொடுத்தன.

முதல் இரண்டு நாள் போட்ட இடுப்பு ஊசிகளின் பெயரைச் சீட்டில் பாருங்கள். போட்ட அன்று காய்ச்சல் சுத்தமாக விட்டு மறுநாள் திரும்புவது, டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டோ டைக்ளோஃபெனாக் போன்ற வலி ஊசியோ போட்டால் நடப்பது. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்குமே தவிர கிருமியை ஒன்றும் செய்யாது. டைக்ளோஃபெனாக் அதைவிட ஆபத்து: டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும், எலிக்காய்ச்சலாக இருந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவருக்கு 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை; குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 15 மி.கி. வீதம். குடிக்க முடிகிறவருக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதில்லை. உண்ணிக் காய்ச்சல் முற்றும்போது ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நுரையீரலில் சேரும். அந்த நிலையில் அளவில்லாமல் திரவம் ஏற்றினால் மூச்சுத் திணறல் கூடும்.

அந்தப் பொருக்கைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். செலவே இல்லாத பரிசோதனை அது. இந்த நோயைப் பரப்புவது மாட்டில் காணும் பெரிய உண்ணி இல்லை. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் இளம்புழு. வரப்புப் புல்லிலும் புதரிலும் இருக்கும், மனிதர் உட்கார்ந்தால் ஏறும், துணி இறுகும் இடம்வரை ஊர்ந்து போய்க் கடிக்கும். கடி வலிக்காது, அரிக்காது. 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல். கடித்த இடத்தில் பீடி நெருப்புச் சுட்டதுபோல் ஒரு வட்டப் புண். நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு விளிம்பு. வலி இல்லாததால் நோயாளிக்கே தெரியாது. இடுக்கான, வேர்வை ஊறும் இடங்களில் பொருக்குக் கட்டாமல் மஞ்சளான சின்னப் புண்ணாகவும் இருக்கும்.

தேட வேண்டியது இப்படி. நல்ல வெளிச்சம் வேண்டும், சட்டை வேட்டி முழுக்கக் களைய வேண்டும். கணவருக்கு மனைவியும் மனைவிக்குக் கணவரும் பார்ப்பதே நல்லது, கூச்சத்தில் விட்டுப்போகாது. அக்குள், அரைஞாண் கயிறும் வேட்டி முடிச்சும் உரசும் இடுப்பைச் சுற்றி, தொடை இடுக்கு, விதைப்பையின் அடி, பிட்டங்களின் நடுவே, முழங்காலின் பின்மடிப்பு, காதின் பின்புறம், தொப்புள், தலைமுடி தொடங்கும் கழுத்துப் பகுதி. பெண்களுக்கு மார்பகத்தின் அடி, உள்பாவாடை நாடா கட்டும் இடம். அருகில் நெறி கட்டியிருந்தால் அந்தப் பக்கம் இரண்டாம் முறை தேடுங்கள். கிடைத்தால் பிய்க்காமல், சொறியாமல், மருத்துவரிடம் நீங்களாகவே காட்டுங்கள். வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும் இடத்தில் எந்த மருத்துவரும் எல்லோருடைய ஆடையையும் களைந்து பார்க்க மாட்டார். பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. நிறைய பேருக்கு அது காணப்படுவதே இல்லை.

அடுத்த முறை யாருக்காவது காய்ச்சல் வந்தால் முதலில் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வையுங்கள். எந்தப் பரிசோதனை எதற்கு என்பதை நாள்தான் முடிவு செய்கிறது. முதல் மூன்று நாள் பெரும்பாலும் சாதாரண வைரஸ் காய்ச்சலே. சளி, இருமல், தொண்டைவலி கூடவே இருந்தால் ஆன்டிபயாடிக் வேண்டாம். மழைக் காலமாதலால் டெங்கு சந்தேகம் இருக்கும், டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால் பயன், அதன் பிறகு எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கையை மூன்றாம் நாள் ஒரு முறை பார்ப்பது நல்லது. வடமாநிலத்துக்கோ மலைப் பகுதிக்கோ போய் வந்தவரென்றால் மலேரியாவுக்கும் பார்க்க வேண்டும்.

ஐந்து நாளாகியும் விடவில்லை, டெங்கு இல்லை, வயலில் வேலை செய்தவர் என்றால் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: “உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல் இரண்டுக்கும் ஐ.ஜி.எம். எலைசா எடுக்கலாமா?” இவை இரண்டும் முதல் வாரக் கடைசியில்தான் தெரியும், மூன்றாம் நாள் எடுத்து ‘நெகட்டிவ்’ என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. வெயில்–ஃபெலிக்ஸ் என்ற பழைய பரிசோதனை சில லேப்களில் இன்னும் செய்கிறார்கள். அது பல நோயாளிகளைத் தவறவிடும். அதே ரத்தத்தில் கிரியாட்டினின், பிலிருபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யும் பார்த்தால் சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

ரிசல்ட் வரும்வரை மருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் முக்கியமான செய்தி. உண்ணிக் காய்ச்சல் என்று மருத்துவருக்குச் சந்தேகம் வலுத்தால் லேப் முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் தொடங்கிவிடலாம் என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-ல் கொடுத்த வழிகாட்டுதல். 100 மி.கி. காலையும் இரவும், 7 நாள். எலிக்காய்ச்சலின் லேசான நிலைக்கும் இதே மருந்து, இதே அளவு என்பதால் டெல்டாவில் இது இரட்டிப்புப் பயன். விலையும் குறைவு. 48 மணி நேரத்தில் காய்ச்சல் சிறிதும் அசையாவிட்டால் நோய் வேறாக இருக்கலாம். மருத்துவர் மறுபடி யோசிக்க வேண்டும்.

சாப்பிடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். ஒரு வாய் நீரில் விழுங்கிப் படுத்தால் கேப்சூல் உணவுக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பால், இரும்பு மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, அல்சர் டானிக் எதையும் கூடச் சாப்பிட வேண்டாம், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மருந்து எடுக்கும் நாளில் வெயில் பட்டால் தோல் சிவந்து எரியும் என்பதால் வயல் வேலை வேண்டாம்.

நோய் முற்றி மூச்சுத் திணறல், ரத்த அழுத்த வீழ்ச்சி, நினைவு தடுமாற்றம் என்று வந்தவர்களுக்கு நரம்பு வழியே டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. அது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உரியது. வீட்டில் இரண்டு மாத்திரையையும் சேர்த்து விழுங்குவதற்கு அதில் ஆதாரம் இல்லை.

எலிக்காய்ச்சலுக்கு என்று சில அடையாளங்கள் உண்டு. கெண்டைக்காலை அழுத்தினால் தாங்க முடியாத வலி. பீளை இல்லாமல் கண் சிவப்பது. பிறகு மஞ்சள் காமாலையும் சிறுநீர் குறைவதும். எலி மூத்திரம் கலந்த வயல் நீரில் இருக்கும் கிருமி, சேற்றுப்புண், வெடிப்பு, அரிவாள் கீறல் வழியாக உள்ளே போகிறது. உண்ணிக் காய்ச்சல் உள்ளவருக்கும் கண் சிவக்கலாம், உடம்பு வலிக்கலாம். அதனால்தான் இரண்டுக்கும் சேர்த்துப் பரிசோதிப்பது.

தட்டணு 62,000 என்றதும் டெங்கு என்று பயந்திருப்பீர்கள். உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், மலேரியா, டைபாய்டு எல்லாவற்றிலும் தட்டணு குறையும். நோய் அடங்கினால் தானே ஏறும். ரத்தக் கசிவு இல்லாதவரை 10,000-க்குக் கீழே போகாமல் தட்டணு ஏற்ற வேண்டியதில்லை. பப்பாளி இலைச் சாறு எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டுவதாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. உயிரிழப்பையோ ரத்தக் கசிவையோ குறைக்கும் என்று யாரும் நிறுவவில்லை. வாந்தி எடுப்பவருக்கு அந்தக் கசப்பைப் புகட்ட வேண்டாம். நீராகாரம், மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். குழைந்த சாதம், இட்லி, முட்டை எல்லாம் சாப்பிடலாம். பத்தியம் என்று வெறும் கஞ்சியில் வைத்தால் உடம்பு தேற இன்னும் நாளாகும்.

மூச்சு வாங்குதல், நிற்காத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கண் மஞ்சளித்தல், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமை, பேச்சுக் குழறல், எழுப்பினால் எழாத மயக்கம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கணக்கு, ரிப்போர்ட் எதையும் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வரும் இரண்டு நாள்தான் ஆபத்தானது. காய்ச்சல் விட்டும் ஆள் சோர்ந்தே கிடந்தால் அது நல்ல அறிகுறி இல்லை.

போன இரண்டு வருஷக் காய்ச்சல் என்ன என்று இப்போது உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் அந்த மாதங்கள் உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் உரிய பருவம். ஒரு முறை வந்தவருக்கு இரண்டும் மறுபடியும் வரலாம். ஆகவே அடுத்த சம்பாவுக்கு முன்னேற்பாடு இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்கு வரப்புப் புல்லில் உட்கார வேண்டாம், படுக்கவே வேண்டாம். ஒரு தார்ப்பாய்த் துண்டு கொண்டுபோகச் சொல்லுங்கள். துவைத்த துணியைப் புதர்மேலும் புல்மேலும் காயப் போடாதீர்கள், கொடியில் போடுங்கள். வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, வயலில் உடுத்திய துணியை அப்படியே துவைக்கப் போட வேண்டும். நடவுச் சேற்றில் ரப்பர் பூட்ஸ் போட்டு நடக்க முடியாது என்பது தெரியும். அதனால் சேற்றுப்புண்ணை ஆற வைப்பதுதான் நடக்கக்கூடிய காரியம்: கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, க்ளோட்ரிமசோல் களிம்பை இரண்டு வேளை தடவுங்கள். ஆழமான வெடிப்போ வெட்டோ இருக்கும் நாளில் தண்ணீர் தேங்கிய வயலில் இறங்காமல் இருப்பது நல்லது. வாரம் ஒரு முறை 200 மி.கி. டாக்சிசைக்ளின் என்று சொல்லப்படும் தடுப்பு முறை, நோய் பரவும் இடத்தில் சுகாதாரத் துறை மேற்பார்வையில் குறுகிய காலத்துக்குக் கொடுப்பது. பருவம் முழுக்க நீங்களாகச் சாப்பிட வேண்டாம்.

மருமகளுக்கு டாக்சிசைக்ளின் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிக்கு உண்ணிக் காய்ச்சல் என்றால் அசித்ரோமைசின், அதுவும் மருத்துவர் பார்த்த பிறகு. இந்த நோய் கர்ப்பிணிகளிடம் கடுமையாகி, கருச்சிதைவுவரை போகக்கூடும். ஆகவே அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஐந்து நாள் காத்திருக்க வேண்டாம். இரண்டாம் நாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மகப்பேறு பார்க்கும் அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். வயலில் வேலை செய்தவள் என்பதையும் வீட்டில் ஒருவருக்கு உண்ணிக் காய்ச்சல் வந்ததையும் முதலில் சொல்லுங்கள். இது ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை. ஆனால் ஒரே வரப்பில் உட்கார்ந்தவர்கள் என்பதால் அந்தத் தகவல் மருத்துவருக்கு உதவும். இந்தக் கர்ப்ப காலம் முடியும்வரை வயல் வேலையிலிருந்து அவளை விடுவித்தால் இன்னும் நல்லது.

நாலு கேப்சூல் மிச்சம் என்றால் அவர் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டார் என்று அர்த்தம். காய்ச்சல் நின்றதும் நிறுத்துவது பலரும் செய்வதுதான். பாதியில் விட்டால் சிலருக்கு நோய் திரும்பும். ஒரு மாதமாகக் காய்ச்சல் இல்லாததால் அவர் இப்போது அவற்றைச் சாப்பிட வேண்டியதில்லை. வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை காய்ச்சலோடு எந்த மருத்துவரிடம் போனாலும் விடால் ரிப்போர்ட்டை விட்டுவிட்டு அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.